பிள்ளைகள் பாட்டி வீட்டிலேயே வளரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துச் சபைகள் பலவற்றில் வேன் பிடித்து, கேக்கும் புதுத்துணியும் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போவது வழக்கம். நல்ல மனதோடுதான் போகிறோம். ஆனால் ஆலயம் இருக்கும் தெருவிலேயே, தாய் தகப்பன் இல்லாமல் பாட்டியிடமோ அத்தையிடமோ வளரும் பிள்ளைகளை வருஷம் முழுக்க யார் விசாரிக்கிறார்கள்?

திக்கற்ற பிள்ளைகள் என்றதும் நமக்கு இல்லம் கட்டும் யோசனைதான் முதலில் வருகிறது. அந்தக் காலத்து மிஷன் விடுதிகளில் படித்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்துக் காப்பாற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இல்லம் கடைசி வழி. அதையும் பதிவு செய்யாமல் நடத்தினால் தண்டனை உண்டு. நான் பார்த்தவரை நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு வளர்க்க ஆள் இருக்கிறது, வளர்ப்பவர் கையில் பணமும் இல்லை, சான்றிதழும் இல்லை.

எங்கள் பகுதியில் ஒரு பாட்டி, மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் வேலை பார்த்துப் பேரப்பிள்ளைகள் இருவரை வளர்க்கிறார். மகன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். மருமகள் பிள்ளைகளை விட்டுப் போய்விட்டார். உதவித்தொகை கேட்டால் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். இறந்த ஊரில்தான் பதிவு என்பதால் அதற்குப் பெங்களூர் போக வேண்டும். ஒருவழியாக வாங்கி வந்தால், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த பெயர் ரேஷன் கார்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை. கைநாட்டு வைக்கும் அந்த அம்மா யாரிடம் போய் முறையிடுவார்? சபையில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூடவே அலைந்து முடித்துக் கொடுத்தார். இதற்குக் காணிக்கைப் பணம் என்று பெரிதாக எதுவும் செலவாகவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசின் பணம் இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வத்சல்யாவில், வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்டு வர ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு சபையிலும் ஆசிரியர், நர்ஸ், வங்கி ஊழியர் என்று யாராவது இருக்கிறார்கள். சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழு அவர்களில் இரண்டு பேரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கட்டும். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு வரும் பணத்தில் ஒரு பங்கை ஜூன் மாத நோட்டு, சீருடைச் செலவுக்கு ஒதுக்கட்டும். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரட்டும். பத்தாவது முடித்த பேத்தியைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்தால் பாரம் குறையும் என்று நினைக்கும் வீடுகள் நம் இரு மாவட்டங்களிலும் உண்டு. அங்கே சகோதரிகள் நேரில் போய்ப் பேசினால் கல்யாணம் நிற்கும். கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லத் தயங்கக் கூடாது.

அப்புறம், அந்தப் பிள்ளைகளை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுவதை இன்றோடு விட்டுவிடுவோம். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை எப்படித் தலை நிமிர்ந்து உட்காரும்? பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்குச் சட்டத்திலும் தடை இருக்கிறது. உதவி வாங்கும் வீடு எந்த மதம், எந்தச் சாதி என்றும் பார்க்கக் கூடாது, ஆராதனைக்கு வா என்று அதற்கு ஈடாகக் கேட்கவும் கூடாது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபம் முதல் அதிகாரம் 27ஆம் வசனத்தில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு திட்டங்களுக்கும் என்னென்ன சான்றிதழ் வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் இதழில் ஒரு கட்டம் போட்டு வெளியிட்டால், எங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் வெட்டி ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்,
காவேரிப்பட்டணம்.