எங்கள் குடத்துத் தண்ணீர் பிறக்கும் மலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மகாபலேஷ்வர் பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். ஸ்ட்ராபெர்ரித் தோட்டம், ஏரிப் படகு, சூரியன் மறைவதைப் பார்க்கும் இடம் என்று எல்லாம் விவரமாகவே இருந்தது. ஆனால், ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழைய மகாபலேஷ்வருக்கு ஒரே ஒரு வரிதான். "அருகில் பழமையான சிவன் கோயிலும் உண்டு" என்பதோடு முடிந்துவிட்டது. சென்னைக்காரர்கள் படிக்கும் பத்திரிகையில் அந்த இடத்தை இப்படிக் கடந்து போனது எனக்குத் தாங்கவில்லை. கிருஷ்ணா நதி பிறக்கிற இடம் அது. நான் பிறந்து வளர்ந்து, வாக்கப்பட்டு, பிள்ளை பெற்றது எல்லாமே தண்டையார்பேட்டையில். எங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீரில் கிருஷ்ணாவும் கலந்திருக்கிறது.

போன தை மாதம், எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து பண்டரிபுரம், ஷீரடி என்று யாத்திரை போனோம். எழுபது வயது தாண்டிய என் மாமியாரும் வந்தார். புனேயிலிருந்து வேனில் கிளம்பி, வாய் என்ற ஊரைத் தாண்டியதும் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே நீலமாக ஒரு பெரிய நீர்ப்பரப்பு தெரிந்தது. தோம் அணை என்றார் டிரைவர். கிருஷ்ணாவைத் தடுத்து நிறுத்தும் அணை அது. அதைக் கேட்டதிலிருந்து அத்தை ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பழைய மகாபலேஷ்வரில் கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மகாபலேஷ்வரர் சன்னதியில் லிங்கம் சுயம்பு. வழவழப்பாக இருக்காது, ருத்திராட்சம் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். வீர சிவாஜி தன் தாய் ஜிஜாபாய்க்குத் தங்கத்தில் துலாபாரம் செய்தது இந்தத் தலத்தில்தான் என்கிறார்கள். அங்கிருந்து சில எட்டு வைத்தால் பஞ்சகங்கைக் கோயில்.

அதைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுங்கல் மண்டபம். உள்ளே நுழைந்ததும் வெயில் அறுந்துபோய் சில்லென்று ஆகிவிடுகிறது. எதிர்ச்சுவரில் வரிசையாகத் துவாரங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கை அகலத்துக்குக்கூட இல்லாமல் நீர் கசிந்து ஓடி வருகிறது. கிருஷ்ணா, கொய்னா, வெண்ணா, சாவித்திரி, காயத்திரி என்று பூசாரி ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். ஐந்தும் ஒன்றாகி, கல்லில் செதுக்கிய பசுவின் வாய் வழியாகக் குளத்தில் விழுகின்றன. சாவித்திரி தேவியின் சாபத்தால் மும்மூர்த்திகளே நதியானார்கள், விஷ்ணுதான் கிருஷ்ணா, என்பது தல புராணம். அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பித்தளைச் சொம்பைப் பசுவின் வாயில் பிடித்தார். நிறைந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு, சொம்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இது நம்ம வூட்டுத் தண்ணி மா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அவர் சொன்னது வெறும் பக்தி இல்லை. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) கிருஷ்ணா நீரைச் சென்னைக்குத் தர 1976-ல் ஒப்புக்கொண்டன. 1983-ல், எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது, தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் ஆனது. ஆவியாகப் போவது போகத் தமிழகத்துக்கு 12 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் ஆந்திராவின் ஸ்ரீசைலம் அணையிலிருந்து சோமசிலா அணைக்கு வந்து பெண்ணாற்றோடு கலந்து, கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் தமிழக எல்லையான ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட் வந்து, பூண்டி ஏரியில் சேர்கிறது. முதல் தண்ணீர் 1996-ல் வந்தது. ஒப்பந்தப்படி முழு அளவும் வருஷா வருஷம் வருவதில்லை. நாம் குடிப்பது கிருஷ்ணா மட்டும் என்றும் சொல்ல முடியாது. மழைநீர் உண்டு, காட்டுப்பள்ளிக் கடல்நீர் ஆலை உண்டு. ஆனால், ஏரிகள் வற்றும் கோடையில் கண்டலேறில் மதகு திறந்தார்களா என்று பேப்பரில் தேடிப் படிக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு.

அரபிக்கடல் அந்த மலையிலிருந்து நேர்க்கோட்டில் அறுபது சொச்சம் கிலோமீட்டர்தான். சாவித்திரி அந்தப் பக்கம் இறங்கி அங்கே கலந்துவிடுகிறது. கிருஷ்ணாவோ கிழக்கே திரும்பி, 1,400 கிலோமீட்டர் போல நடந்து, நம் வங்கக்கடலுக்கு வருகிறது. இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடிபம்பில் வரிசை போட்டு, குடத்துக்குப் பதில் செங்கல் வைத்து இடம் பிடித்த தலைமுறை அத்தையுடையது. 2019 கோடையில் நானும் தண்ணி லாரி ஹாரன் சத்தத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். அந்த வருஷம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்டவர்கள் அந்தப் பசுவின் வாயருகே நின்றால் சும்மா படம் எடுத்துக்கொண்டு திரும்ப முடியாது.

ஆனால், எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிஷம். யாத்திரை நடத்தியவர்கள் காட்சிமுனைகளுக்கும் கடைத்தெருவுக்கும் மூன்று மணி நேரம் ஒதுக்கிவிட்டு, கோயில் வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்திலேயே மலை விளிம்பில் கிருஷ்ணாபாய் கோயில் இருக்கிறது. அங்கும் பசுவின் வாயிலிருந்து நீர் விழுகிறது. வாசலில் நின்றால் நதி இறங்கிப் போகும் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். கெஞ்சிக் கூத்தாடி நாங்கள் நான்கு பேர் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குளத்துப் படியோரம் காலி பாட்டிலும் பூச்சரம் சுற்றிவந்த பிளாஸ்டிக் பையும் கிடந்தன. அதில் தமிழ் எழுத்து அச்சிட்ட பிஸ்கட் கவரும் இருந்தது. எனக்கு முகம் சுண்டிப்போனது. பெரிய தண்ணீர் பாட்டில் வாங்கிப் பாதி குடித்துவிட்டு அங்கே எறிவதற்குப் பதில், வீட்டிலிருந்து ஒரு சொம்பு எடுத்துப் போகலாம். பெண்கள் கையில் எடுத்துப் போகும் மஞ்சள் துணிப்பை ஒன்று போதும், குப்பையை அதிலேயே போட்டுத் திரும்பக் கொண்டு வந்துவிடலாம்.

மழைக்காலத்தில் அந்த மலையில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டுமாம், வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல். அதனால் வயதானவர்களோடு போகிறவர்கள் ஐப்பசி கழிந்து போவது நல்லது. படிகள் அதிகம் இல்லை. கல் மட்டும் ஈரத்தில் வழுக்கும், கைபிடித்துக் கூட்டிப் போங்கள். கட்டுரையாளர் இன்னொரு முறை எழுதினால், இந்த இரண்டு கோயில்களுக்கும் ஒரு முழுப் பக்கம் கொடுக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே, அந்தத் துவாரத்திலிருந்து பூண்டி வரைக்கும் ஒரு வரைபடமும் போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் தெருவிலிருந்து அடுத்த தையில் இன்னொரு குழு கிளம்புகிறது. பழைய மகாபலேஷ்வருக்கு அரை நாள் கொடுத்தால்தான் முன்பணம் என்று சொல்லியிருக்கிறோம். வேன்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அத்தை சொம்பை விளக்கி எடுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.