ஆசிரியர்களை முதலில் வெளியே அழைத்துப் போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் காட்டுயிர் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாடத்தை எடுக்கப்போகிற ஆசிரியரை எப்படித் தயார்செய்வது என்று பேச்சு வந்தால் ஒருநாள் பயிற்சியோடு முடித்துவிடுகிறார்கள். 17 வருடமாக அறிவியல் எடுக்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் போன பயிற்சி ஒன்றில் காலையிலிருந்து மாலைவரை ஜன்னலைக்கூடத் திறக்காத அறையில் புலி, திமிங்கலம், பனிக்கரடி என்று படங்கள் ஓடின. அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே ஒரு பையன் வகுப்பு ஜன்னலைக் காட்டி, "டீச்சர், இந்தக் குளவி எதுக்கு மண் உருண்டை தூக்கிட்டு வருது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பாடத்தைக் கவனி என்று உட்காரவைத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு வலிக்கிறது, ஏனென்றால் அந்தக் குளவி கட்டிக்கொண்டிருந்தது தன் குஞ்சுக்கான அறை. சிலந்தியையோ புழுவையோ கொட்டி அசையமுடியாமல் ஆக்கி உள்ளே வைத்து, முட்டையிட்டு, மண்ணால் மூடிவிடும், முட்டையிலிருந்து வரும் புழு அதைத் தின்று வளரும். உணவுச்சங்கிலியும் வாழ்க்கைச் சுழற்சியும் அந்த ஜன்னல் மூலையிலேயே நடந்துகொண்டிருந்தன, நான் அவற்றைக் கரும்பலகையில் படமாக வரைந்துகொண்டிருந்தேன்.

வனவிலங்கு என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. அது காட்டில் இருப்பது, பெரியது, நமக்குத் தொலைவானது என்று நினைத்துவிடுகிறோம். எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் தேய்த்துவிட்டுப் பாருங்கள், அவை வாசனைத் தடத்தைப் பிடித்து நடப்பவை என்பதால் அந்த இடத்தில் தடுமாறும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரிசை சேரும். இதற்குச் செலவே இல்லை. ஆனால் ஆசிரியர் ஒருமுறையாவது குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிய 'புராஜெக்ட் வைல்ட்' என்ற காட்டுயிர்க் கல்வித் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான், பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் அங்கே மாணவர்களாக மாறிவிடுகிறார்கள். அதில் ஒரு மான் விளையாட்டு உண்டு. நாலில் ஒரு பங்குப் பேர் மான், மற்றவர்கள் எதிர்வரிசையில் உணவு, தண்ணீர், தங்குமிடம். மான் தனக்கு என்ன தேவை என்பதையும், எதிர்வரிசைக்காரர் தான் என்ன என்பதையும் சைகையால் காட்ட வேண்டும், வயிற்றில் கைவைத்தால் உணவு, வாயில் வைத்தால் தண்ணீர், தலைக்குமேல் வைத்தால் தங்குமிடம். தேவையானது கிடைத்த மான் அந்த ஆளைத் தன் வரிசைக்கு அழைத்து வந்து இன்னொரு மானாக்கும், கிடைக்காத மான் செத்து எதிர்வரிசையில் சேரும். ஒவ்வொரு சுற்றிலும் மான்களை எண்ணி வரைபடம் போட்டால் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடி மூச்சிரைத்து, தண்ணீர் கிடைக்காமல் ஒருமுறை 'செத்து'ப் போன ஆசிரியர் வாழிடம் என்ற சொல்லை வகுப்பில் வேறு மாதிரிதான் சொல்வார். அப்புறம் அந்த வரைபடம் கணக்கு ஆசிரியருக்கும் உதவும், இதை அறிவியல்காரர்கள் தலையில் மட்டும் கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, பயம். பாம்பையோ வௌவாலையோ கண்டு ஆசிரியர் முகம் சுளித்தால் பாடம் அங்கேயே முடிந்தது, பிள்ளைகள் நம் முகத்தைத்தான் படிக்கிறார்கள். பயிற்சியில் அந்தப் பயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். பயப்படாதே என்று சொல்வது மட்டும் போதாது, எவ்வளவு தள்ளி நிற்பது, எதைத் தொடக்கூடாது, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை என்ன செய்வது என்றும் தெரிய வேண்டும். "எனக்குத் தெரியல, வா சேர்ந்து பார்க்கலாம்" என்று வகுப்பில் சொல்லும் தைரியத்தையும் அங்கேதான் தர வேண்டும். எனக்கு அன்று யாராவது அதைத் தந்திருக்கலாம்.

சுற்றுச்சூழல் கல்விக்காக உலக நாடுகள் இன்றைய ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் கூடியது 1977-இல், ஆசிரியர் பயிற்சி அப்போதே பேசப்பட்டது. இன்னும் பல இடங்களில் மார்ச் 3, உலகக் காட்டுயிர் நாளன்று ஓவியப் போட்டி வைப்பதோடு சரி.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான். பாதி நேரமாவது வெளியே நடத்துங்கள். தலைமையாசிரியர்களையும் கூப்பிடுங்கள், பாடவேளையில் பிள்ளைகளை வெளியே விட அனுமதிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அப்புறம் ஆறு மாதம் கழித்து அதே ஆசிரியர்களை மறுபடி கூட்டி, வகுப்பில் என்ன செய்தீர்கள், எங்கே சிக்கல் வந்தது என்று கேளுங்கள். நான் போன எந்தப் பயிற்சியிலும் அப்படி யாரும் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை