வீதிப்பக்கக் கூரையில் சோலர் பனல்: வழிகாட்டல் ஒன்று வேண்டி கோரிக்கை மனு

ஆணையாளர் அவர்கள்,
மாநகர சபை,
யாழ்ப்பாணம்.

விடயம்: பழைய வீடுகளின் முகப்பு கெடாமல் சோலர் பனல் பொருத்துவதற்கான எளிய வழிகாட்டல்

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்கட்கு,

சோலர் வேண்டாம் என்று நாங்கள் எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1990க்குப் பிறகு வருடக்கணக்காகக் கரண்டே இல்லாமல் கிடந்த ஊர் இது. ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர்களும் இந்த மனுவில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது, அந்த ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம். இதற்குப் பிறகு ஒரு குடும்பம் கடன்பட்டோ வெளிநாட்டுப் பிள்ளையிடம் காசு கேட்டோ கூரையில் பனல் போட்டால் அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

எங்கள் கவலை எங்கே போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான். நல்லூர், வண்ணார்பண்ணை, சுண்டிக்குளி, கொழும்புத்துறைப் பக்கம் ஒழுங்கைகளுக்குள் நடந்து பார்த்தால் தெரியும், போரில் தப்பிய ஓட்டு வீடுகள் இப்போது எண்ணிக் கணக்கிடுகிற அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. ஷெல் விழுந்து போனது ஒரு பங்கு, இடம்பெயர்ந்து திரும்பி வரும்போது ஓடும் கதவும் கழற்றப்பட்டிருந்தது ஒரு பங்கு, காணி விலை ஏற இடித்துக் கட்டியது மிச்சப் பங்கு. தப்பி நிற்கிறவற்றின் அழகு பெரும்பாலும் வீதியைப் பார்த்த பக்கத்தில்தான் இருக்கிறது: தாழ இறங்கி வரும் ஓட்டுச் சரிவு, அதற்குக் கீழே விறாந்தை, திண்ணை, மரத்தூண், சில இடத்தில் இன்னமும் சங்கடப்படலை என்கிற கூரை போட்ட வாசற்படலை. அந்தச் சரிவுதான் முகம். பனல் வந்து குந்துவதும் அதிலேதான்.

ஒரு வீட்டைச் சொல்கிறோம், யாருடையது என்று சொல்லவில்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில், வீட்டில் வயதான மாமி மட்டும். பொருத்த வந்தவர்கள் ஏணி வைக்க வசதி என்று வீதிப்பக்கத்தையே தெரிந்தெடுத்தார்கள். ஓட்டின் சரிவு ஒரு பக்கம் போக, அதற்கு எதிர்ச் சரிவாக இரும்புச் சட்டம் அடித்து பனலைத் தூக்கி நிறுத்தினார்கள். ஓட்டை எடுத்துக் கீழே, ஓட்டைத் தாங்குகிற மரச் சலாகையில் கொக்கியைப் பூட்டி ஓட்டைத் திரும்ப வைப்பதுதான் முறை. இங்கே ஓட்டை நேரே துளைத்து சிலிக்கோன் பூசிவிட்டார்கள், அடுத்த மாரிக்கே பனஞ்சலாகை நனைந்து உப்பிவிட்டது. சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய் முகப்புச் சுவரின் குறுக்கே ஓடி, திண்ணைக்கு மேலே பழைய ஆட்கள் சுண்ணாம்பில் எழுப்பிய ஆண்டு எழுத்தின் பாதியை மறைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது, அது முடிகிற இடத்தில், வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே, பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேட்டர் பெட்டி. கடற்காற்றில் இரும்புச் சட்டம் கறள் பிடித்து, வெள்ளைச் சுவரில் மண்ணிறக் கோடுகள் வடிந்திருக்கின்றன. மாமி வெள்ளையடித்துப் பார்த்தார், கோடு திரும்ப வந்துவிட்டது. இவ்வளவுக்கும் பின்னால் குசினிப் பக்கக் கூரையும், மாடு கட்டிய கொட்டகை இருந்த வெறும் நிலமும் நல்ல வெயிலில் சும்மா கிடக்கின்றன.

“சூரியன் தெற்கே, அதனால் தெற்கு பார்த்த கூரையில்தான் போடவேண்டும்” என்று பொருத்துகிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. நாங்கள் இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேல். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு வருகிறது, அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் அது வடக்கு வானத்தில்தான் நிற்கிறது. ஆகவே சரிவு குறைந்த கூரையில் கிழக்குக்கோ மேற்குக்கோ பார்த்துப் பனல் போட்டால் இங்கே இழப்பது மிகச் சொற்பம், வடக்கு பார்த்தாலும் கெட்டுப்போகாது. சரிவு கூடிய பழைய ஓட்டுக் கூரையில் வடக்குப் பக்கம் என்றால் இழப்பு உண்மையிலேயே கூடும், அதை மறைத்துப் பேச நாங்கள் விரும்பவில்லை. அப்படி வேறு வழியில்லாத வீட்டுக்காரருக்கு வீதிப்பக்கத்தையே கொடுங்கள், ஆனால் ஓட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து, கூரை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒழுங்கான செவ்வகமாகப் போடட்டும்.

5 கிலோவாற்றுச் சோலர் தொகுதிக்கு இன்றைய பெரிய பனல்கள் ஒன்பது பத்துப் போதும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.3 மீற்றர் நீளம், 1.1 மீற்றர் அகலம். கூட்டிப் பார்த்தால் ஒரு மாட்டுக்கொட்டகையின் கூரை அளவுதான் வரும். யாழ்ப்பாணத்து வளவுகளில் கோடிப்பக்கம் அந்த அளவு இடம் இல்லாத பழைய வீடு குறைவு. கார் நிற்கிற கொட்டகைக்கு மேலே போடலாம், கிணற்றடிப் பக்கம் சட்டம் அடித்துப் போடலாம். வயர் நீளம் கூடும், கொஞ்சம் செலவு கூடும், உண்மைதான்.

இன்னொரு விடயம் எங்களுக்கு பனலை விட அதிகம் வலிக்கிறது. முன்கூரையில் பனல் ஏறியவுடன் முன்னுக்கு நிற்கிற மரத்தின் நிழல் பிரச்சினையாகிவிடுகிறது. வரிசையாக இணைத்த பனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் இழுபடும் என்பது சரிதான், அதற்கு ஒவ்வொரு பனலுக்கும் தனித்தனியே சிறிய இன்வேட்டர் வைக்கிற வழியும் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. படலையடியில் மூன்று தலைமுறையாக நின்ற வேம்பைத் தறி என்கிறார்கள். தறித்த பிறகு அந்த வீடும் வெறிச்சோடிப்போகும், ஒழுங்கையில் நடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒதுங்க நிழலும் இல்லை. வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கப்போய் வீட்டுக்குள் சூட்டைக் கூட்டிக்கொண்டு, அப்புறம் அந்தச் சூட்டுக்கு ஏசி பூட்டுகிறோம்.

பனல் போடுவதற்கு மின்சாரம் வழங்குகிற நிறுவனத்துக்கு விண்ணப்பம் போகிறது, மீற்றர் மாறுகிறது, எல்லாம் நடக்கிறது. வீதியிலிருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்று யாரும் ஒரு கேள்வி கேட்டதாக எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் நினைவில்லை. மற்ற நாடுகளில் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் சாதாரண வீட்டுக்குத் தனி அனுமதி எடுக்காமலே சரிவுக் கூரையில் பனல் போடலாம், ஆனால் கூரை மட்டத்திலிருந்து 20 சென்ரிமீற்றருக்கு மேல் துருத்தக்கூடாது, வீட்டின் வெளித்தோற்றம் இயன்றவரை கெடாத இடத்தில் வைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. கலிபோர்னியாவில் 1978இலேயே சூரிய உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே குடியிருப்புகளுக்கு விதி வைக்கிற வீட்டுக்காரர் சங்கங்கள் பனலைத் தடுக்க முடியாது, தோற்றத்துக்காக நியாயமான நிபந்தனை வைக்கலாம், இன்றுள்ள சட்டப்படி அந்த நிபந்தனையால் செலவு 1,000 டொலருக்கு மேல் கூடவோ செயற்திறன் 10 வீதத்துக்கு மேல் குறையவோ கூடாது. கலிபோர்னியாவின் இந்த எல்லை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அழகு என்ற பெயரில் ஏழை வீட்டுக்காரரை அலைக்கழிக்க அது இடம் கொடுக்காது.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது தடையும் அல்ல, புதுக் கட்டணமும் அல்ல. தமிழில், படம் போட்டு, இரண்டு பக்கத்தில் ஒரு வழிகாட்டல் வெளியிடுங்கள். பின்கூரை அல்லது வளவு முதலில், முடியாவிட்டால் மட்டும் வீதிப்பக்கம்; ஓட்டைத் துளைக்காத கொக்கி; கறள் பிடிக்காத அலுமினியச் சட்டம்; கறுப்புச் சட்டமுள்ள பனல்; இன்வேட்டரும் குழாயும் முகப்புச் சுவரில் வேண்டாம்; மரம் தறிக்க முன்னர் சபையிடம் ஒரு வார்த்தை. பொருத்துகிற நிறுவனங்களிடம், வேலை தொடங்க முன்னர் வீதியிலிருந்து எடுத்த ஒரு போட்டோவில் பனல் எங்கே வரும் என்று கீறி வீட்டுக்காரருக்குக் காட்டச் சொல்லுங்கள். இது ஒன்று நடந்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நம்புகிறோம், பல வீட்டுக்காரர்கள் வேலை முடிந்த பிறகுதான் றோட்டில் நின்று பார்த்து மனம் உடைகிறார்கள். நல்லூர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் மந்திரிமனைப் பக்கத்திலும் உள்ள பழைய வீடுகளுக்கு மட்டும் தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் நேரில் வந்து பார்த்து இடம் சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவி.

உடனே எல்லா இடத்திலும் செய்ய முடியாது என்றால் எங்கள் ஒழுங்கையில் தொடங்குங்கள். இந்த வருடம் பனல் போட நினைத்திருக்கிற வீட்டுக்காரர் சிலர் எங்களோடு கையெழுத்து வைத்திருக்கிறார்கள், தங்கள் பதில் வரும்வரை வேலையை நிறுத்திவைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். மாரி தொடங்க முன்னர் அவர்கள் கூரை வேலையை முடிக்கவேண்டும், அதனால் அதற்கு முன்னரே எங்களைச் சந்திக்க ஒரு நாள் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறோம். கூரை அளவுகளும் வீதியிலிருந்து எடுத்த படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
நல்லூர் ஒழுங்கை ஒன்றின் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)