தோற்ற பிறகு கிடைத்த நாற்காலி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. சரியாகிவிட்டது என்று நீயே முடிவுகட்டி நிறுத்திவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு! இங்கே மகள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். குளிர்தான் தாங்கவில்லை.

உங்கள் தொகுதியில் தோற்றவர் இப்போது கல்யாண வீடுகளில் மட்டும்தான் தலைகாட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். அமெரிக்காவில் தோற்ற எம்.எல்.ஏ. என்ன ஆவார் என்றும் கேட்டிருந்தாய். நான் இருக்கும் இந்த வர்ஜீனியாவிலேயே அதற்கு ஒரு கதை உண்டு. ஆளின் பெயர் பிரையன் மோரன்.

மோரன் ஆர்லிங்டனில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். 1996-இல் அலெக்ஸாண்ட்ரியா பகுதியிலிருந்து மாநிலக் கீழவைக்குப் போனார். நம் ஊர் எம்.எல்.ஏ. பந்தாவையெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. சபை வருஷத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதம்தான் கூடும். அவர் காலத்தில் உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் 17,640 டாலர். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, பெரும்பாலோர் வேறு தொழிலும் பார்ப்பார்கள். மோரன் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் தலைவராக அங்கே பல வருஷம் இருந்தார். 2008 கடைசியில் பதவியை விட்டுவிட்டு கவர்னர் தேர்தலுக்குக் கிளம்பினார். இங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்.

வேட்பாளர் யார் என்று கட்சிக்குள் 2009 ஜூனில் தேர்தல். மோரனும் டெர்ரி மெக்காலிஃபும் விளம்பரம் விளம்பரமாக ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதுபோல, கிராமப்புறத்துக்காரரான க்ரீ டீட்ஸ் நடுவில் புகுந்து ஜெயித்துவிட்டார். மோரனுக்கு மூன்றாவது இடம். டீட்ஸும் நவம்பரில் குடியரசுக் கட்சியிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். சரி, அத்தோடு மோரன் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் 2013-இல் மெக்காலிஃப் மறுபடி நின்று கவர்னர் ஆனார். வந்ததும் பொதுப் பாதுகாப்பு, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? அந்த மோரனிடமே. மாநிலப் போலீஸ், சிறைச்சாலைகள், பேரிடர் மேலாண்மை, தடயவியல் எல்லாம் அதில் அடக்கம். நம் ஊரில் மந்திரியாக வேண்டுமென்றால் எம்.எல்.ஏ. ஆக வேண்டும். இங்கே அந்த நாற்காலியில் உட்காருகிறவர் சபையில் இருக்கவே கூடாது. கவர்னர் ஆளைச் சொல்வார், சபை ஒப்புதல் தரும்.

பதவி கிடைத்தது பெரிதில்லை, சேகர். பேசிப் பேசியே வளர்ந்த ஒருவருக்கு இந்த வேலை என்ன பாடம் நடத்தியது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். 2017 ஆகஸ்ட் 12, இதே மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரம். வெள்ளை இனவெறிக் கும்பல்கள் ஒரு பூங்காவில் கூடுகின்றன, எதிர்ப்பாளர்களும் வந்துவிட்டார்கள். மோரன் பக்கத்தில் ஒரு வங்கிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், கட்டுப்பாட்டு அறையில். ஹாக்கி ஆட்டத்தில் அங்கங்கே அடித்துக்கொண்டு பிறகு விலகிக்கொள்வார்களே, அப்படித்தான் மேலிருந்து பார்க்கத் தெரிந்தது என்று பின்னால் பத்திரிகையிடம் சொன்னார். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கீழே மண்டை உடைந்துகொண்டிருந்தது. பகல் 12 மணிக்குச் சற்று முன்னால்தான் அவசரநிலை அறிவித்தார்கள். பிற்பகலில் ஒருவன் கூட்டத்துக்குள் காரை ஏற்றியதில் 32 வயது ஹெதர் ஹேயர் இறந்துபோனார். மாலை 5 மணி சுமாருக்கு மாநிலப் போலீஸ் ஹெலிகாப்டர் விழுந்து ஜே கல்லன், பெர்க் பேட்ஸ் இருவரும் போனார்கள். கல்லன் கவர்னரையே ஏற்றிப் பறந்தவர். பேட்ஸ் கவர்னரின் மெய்க்காவல் பிரிவில் இருந்தவர்.

முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர் டிமதி ஹீஃபியை வைத்து நகர நிர்வாகம் விசாரணை நடத்தியது. அந்த அறிக்கையில் ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. மாநிலப் போலீஸின் வயர்லெஸ் ஒரு சேனலில், நகரப் போலீஸின் வயர்லெஸ் வேறு சேனலில்! மாநிலப் போலீஸ் தன் திட்டத்தை எழுத்தில் நகரப் போலீஸுக்குக் கொடுக்கவே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு படைகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் நின்றிருக்கின்றன. முதல் பொறுப்பு நகரத்துடையதுதான். இருந்தாலும் மோரனை நான் சும்மா விடமாட்டேன். முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிக்கவேண்டிய வேலை இது, அதுவும் பேச்சிலேயே பழகிய ஒரு மனிதருக்கு.

இந்த மாநிலத்தில் கவர்னர் அடுத்தடுத்து இரண்டு முறை இருக்க முடியாது. 2018-இல் வந்த ரால்ஃப் நார்தம் மோரனை மாற்றாமல் வைத்துக்கொண்டார். 2019 மே 31-இல் வர்ஜீனியா பீச்சில் நகராட்சி ஊழியர் ஒருவர் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். துப்பாக்கிச் சட்டத்துக்காக நார்தம் சிறப்புக் கூட்டம் கூட்டினார். குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை ஒன்றரை மணி நேரத்தில் ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டது. நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்து, புதுச் சட்டங்கள் வரப்போகின்றன என்றதும் துப்பாக்கி ஆதரவாளர்கள் 2020 ஜனவரி 20-இல் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் திரண்டார்கள். சுமார் 22,000 பேர்.

இந்தத் தடவை கோட்டை விடவில்லை. முன்னதாகவே அவசரநிலை. சபை வளாகத்துக்குள் ஆயுதத்துக்குத் தடை. வழக்குப் போட்டார்கள், மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்க மறுத்துவிட்டது. உள்ளே போக ஒரே வழி, அதில் மெட்டல் டிடெக்டர். வெளித் தெருவில் ஆட்கள் நீளத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள், ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அன்றைக்கு மொத்தமே ஒரு கைது, அதுவும் முகத்தை மூடிக்கொண்டு வந்ததற்காக ஒரு பெண். முகமூடிச் சட்டம் கு க்ளக்ஸ் க்ளான் என்ற முகமூடி போட்ட வெள்ளை இனவெறி அமைப்பை அடக்கப் போட்ட பழைய சட்டம், அதைக் கேட்டுச் சிரித்தேன்.

அப்புறம் 2021-இல் மெக்காலிஃப் மூன்றாம் முறை நின்று தோற்றார், கட்சியோடு மோரனும் 2022 ஜனவரியில் வெளியேறினார். எட்டு வருஷம். அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர் ராபர்ட் மோசியர், ஷெரிஃபாக, அதாவது ஒரு மாவட்டத்தின் போலீஸ் தலைவராக இருந்தவர். உன் தம்பி போலீஸில் இருந்தவனாயிற்றே, அவனிடம் கேள்: இந்த நாற்காலிக்கு அரசியல்வாதி தேவலையா, காக்கி போட்டவர் தேவலையா? நான் இன்னமும் அரசியல்வாதி பக்கம்தான். ஆனால் முதல் நாளே வயர்லெஸ் சேனலைக் கேட்கிற அரசியல்வாதியாக இருக்க வேண்டும்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. பத்மாவிடம் சொல், அவள் கேட்ட வைட்டமின் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
நடராஜன்