பூச்சியத்தால் பெருக்கியதற்கு ஐந்து மதிப்பெண்ணா?

திருப்புதல் தேர்வுக்குக் கணித விடைக்குறிப்பு தயாரித்த குழுவினருக்கு,

வணக்கம். எந்த வினாவைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். மாறியை ‘ம’ என்று வைத்துக்கொண்டால், ம/(ம − 3) = 3/(ம − 3) + 2 என்ற அந்த ஐந்து மதிப்பெண் வினாதான். இருபுறமும் (ம − 3) ஆல் பெருக்கி, ம = 3 + 2(ம − 3) என்றாக்கி, ம = 3 என்று முடித்திருக்கிறது உங்கள் குறிப்பு.

அந்த 3-ஐக் கொடுத்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். பகுதி, அதாவது பின்னத்தின் கீழே உள்ள (ம − 3), பூச்சியமாகிறது. பெருக்கக்கூட வேண்டாம்; 3/(ம − 3)-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் (ம − 3)/(ம − 3) = 2, அதாவது 1 = 2. இதற்குத் தீர்வு ஏது?

‘ம = 3 எனில் பகுதி பூச்சியம்; எனவே தீர்வு இல்லை’ என்று எழுதிய பிள்ளைக்குப் பூச்சியம் விழுந்திருக்கிறது. அதற்கு முந்தைய வரிகள் எல்லாம் குறிப்பில் உள்ளபடியே இருந்தும் படிநிலை மதிப்பெண்கூடக் கிடையாது. சரிபார்த்ததற்குத் தண்டனை. அந்த விடைக்கு முழு மதிப்பெண் தரும் திருத்திய குறிப்பை அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இருபுறமும் ஒரே எண்ணால் பெருக்கினால் தீர்வு மாறாது என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஏன் மாறாது? இடமும் வலமும் ஒரே எண் என்றால், அதன் 12 மடங்கும் ஒன்றுதான். இது பாதிக் காரணம். மறுபாதி, 12 மடங்குகள் சமம் என்றால் 1/12 ஆல் பெருக்கிப் பழைய வரிக்கே திரும்பலாம் என்பது. போகவும் வரவும் வழி இருப்பதால்தான் இருந்த தீர்வு தொலைவதில்லை, இல்லாத தீர்வு முளைப்பதில்லை. பூச்சியத்துக்கோ, 12-க்கு 1/12 இருப்பதுபோல, தலைகீழி கிடையாது. வகுப்பில் வரைகிற தராசில் இரு தட்டையும் காலி செய்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். முன்பு சமமாக இருந்ததா என்பது மட்டும் இனித் தெரியாது. (ம − 3) ஆல் பெருக்கும்போது ‘ம, 3 அல்ல’ என்ற நிபந்தனையோடுதான் பெருக்குகிறோம். அதை எழுதாமல் விட்டதால், கடைசியில் வந்த 3 அந்த நிபந்தனையையே மீறுகிறது என்பது குறிப்பு எழுதியவர் கண்ணில் படவில்லை. வகுத்தாலும் இதே கதை: ம² = 5ம என்பதை ம ஆல் வகுத்தால் 5 மட்டும் மிஞ்சும், பூச்சியம் என்ற தீர்வு காணாமல் போகும்.

‘அந்தப் பக்கம் போனால் வகுத்தல் பெருக்கலாகும்’ என்று மந்திரம் ஓதியே வளர்த்தால் இப்படித்தான். ம/3 + (ம − 1)/4 = 5 என்று கொடுத்தால், பகுதிகளின் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12 ஆல் பின்னங்களை மட்டும் பெருக்கிவிட்டு 5-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். 7ம − 3 = 60 என்று வந்து ம = 9 கிடைக்க வேண்டிய இடத்தில் 7ம − 3 = 5, ம = 8/7. இதை மூலச் சமன்பாட்டில் இட்டால் இடப்பக்கம் 5/12 வருகிறது. பெருக்காமல் விட்ட 12 அங்கேயே பல்லிளிக்கிறது. இன்னும் சிலர் சமக்குறியே இல்லாத ம/3 + ம/4 என்ற கோவையையும் 12 ஆல் பெருக்கி 7ம என்கிறார்கள். சரியான விடை 7ம/12. பெருக்க இருபுறம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். விழிக்கட்டும், சென்டம் வந்தால் போதாதா? விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போட மறக்காதே என்று சொல்ல நேரம் இருக்கிறது. ‘பூச்சியமல்லாத எண்ணால்’ என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லத்தான் நேரம் இல்லை.

கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறிய காரியம். ‘தீர்வு இல்லை’ என்ற விடைக்கு ஐந்து மதிப்பெண்; ம = 3 என்று நிறுத்தியவருக்குப் பெருக்கிச் சுருக்கிய படிகளுக்கு மட்டும் மதிப்பெண். இனி வரும் குறிப்புகளில், மாறி உள்ள கோவையால் பெருக்கும் வினா எதுவானாலும், விடையை மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்ப்பதற்கு ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். விடைத்தாள்கள் இன்னும் பள்ளிகளில்தான் இருக்கின்றன. மதிப்பெண் பட்டியல் பதிவேறுவதற்குள் திருத்திய குறிப்பை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்