பட்டாளத்து எண்ணைத் தொலைத்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பாரு (தாத்தா) இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவுக்குப் போய்த் திரும்பியவர் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடந்த ஆண்டு தாராபுரம் அருகேயுள்ள பழைய வீட்டைப் பிரித்தபோது, அட்டாலியில் கிடந்த தகரப்பெட்டியில் பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தது. பட்டாளத்தில் அவருக்கென்று தந்த பட்டாளத்து எண், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, உயரம், புருவத்தின் மேலிருந்த தழும்பு எல்லாம் அதில் இருந்தன. தொழில் என்ற இடத்தில் தச்சர் என்று எழுதியிருந்தது. துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்டவர் என்றே நாங்கள் நம்பியிருந்த மனிதர், பொறியாளர் பிரிவில் மரவேலை செய்திருக்கிறார். ஊரில் இன்னும் புழங்கும் எங்கள் கட்டைவண்டியை அவரே செய்தது எப்படி என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

மேலும் விவரம் கேட்டு அவருடைய பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். ஓய்வூதியம் பெறாதவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்படுகின்றன என்றும், லாங் ரோல் எனப்படும் பேரேட்டில் உள்ள சுருக்கமான குறிப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது என்றும் பதில் வந்தது. போர் முடிந்ததும் ஓய்வூதியமின்றி விடுவிக்கப்பட்டவர்கள் ஏராளம் என்பதால், நம் பகுதியிலிருந்து போன பலருடைய நிலையும் இதுவாகத்தான் இருக்கும். போரில் மாண்டவர்களையாவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். உயிரோடு ஊர் திரும்பி ஏர் பிடித்தவருக்கு அப்படியொரு பட்டியலும் கிடையாது.

தேடுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஈரோடு மாவட்டம் 1979இலும் திருப்பூர் மாவட்டம் 2009இலும் உருவானவை என்பதால், அக்காலப் பதிவுகளில் தாராபுரம், பவானி, கோபி, பல்லடம் எல்லாமே கோயமுத்தூர் மாவட்டம் என்றே இருக்கும். பழனிச்சாமி, குப்புசாமி போன்ற பெயர்கள் ஆயிரக்கணக்கில் வரும். ஊர்ப் பெயரோ ஆங்கில எழுத்தில் அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருக்கும். ஆகவே பட்டாளத்து எண்தான் உறுதியான பிடி. புத்தகம் தொலைந்திருந்தால் பதக்கத்தைப் பாருங்கள்; முதல் உலகப் போரின் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று வெள்ளியால் ஆனது என்பதால் எத்தனையோ குடும்பங்கள் அதை உருக்கிவிட்டன என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

ஓய்வூதியமில்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவையருக்கும் மாநில அரசு உதவித்தொகை வழங்கி வந்திருக்கிறது. அதற்காக அவர்கள் கொடுத்த சான்றுகள் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் பழைய கோப்புகளில் இன்னும் இருக்கக்கூடும். அக்கோப்புகளைக் கழித்துவிடாமல் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்றும், வீடுகளில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகங்களுக்கும் அந்த அலுவலகங்களிலேயே படியெடுத்து வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்ட ஆட்சியர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாராபுரம் வட்டத்து வாசகர் ஒருவர்