ஒரு பக்க இடுப்பை மட்டும் அளந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

72 வயதான என் தாயாருக்குச் சென்ற ஆண்டு எடுத்த, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் வலது இடுப்பின் டி-ஸ்கோர் (இளம்பெண்களின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.2 என வந்ததால், அடர்த்திக் குறைவுதான், எலும்புப்புரை (எலும்பு நொய்ந்து எளிதில் முறியும் நோய்) இல்லை என்று கூறி, கால்சியம் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னர் வாசற்படியில் அவர் இடறி விழுந்தபோது வேறொரு மருத்துவர் இரு பக்கமும் அளக்கச் சொன்னார். இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி மைனஸ் 2.7 காட்டியது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வீணாய்ப்போன மாதங்களை எண்ணிப் பதறினேன்.

1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோலின்படி, இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிடுகையில் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை. ஆகவே எல்லைக்கோட்டருகே நிற்கும் மூதாட்டிகளுக்கு, இரு இடுப்புகளுக்கும் இடையிலான சிறு வேறுபாடே நோய் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. முதுகெலும்பையும் அளக்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் தேய்மானத்தால் வளரும் எலும்பு முட்களும், வயிற்றுப் பெருந்தமனியில் படியும் சுண்ணாம்பும் முதுமையில் அந்த எண்ணை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டிவிடுகின்றன.

மற்றொரு இடுப்பையும் அளக்கச் சில நிமிடங்களே கூடுதலாகும். கதிர்வீச்சும் மிகச் சொற்பம். எல்லைக்கு அருகில் முடிவு வரும் முதியோருக்கேனும் இரு பக்கமும் அளந்து, எந்தப் பக்கம் என்பதை அறிக்கையில் தெளிவாகக் குறிப்பிடுமாறு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை